காம்போடு நாலு ஜினியா

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பதினொரு மாலைகள் இருந்தன. எல்லாம் மனுசிக்குப் போட்டவை. அவள் ஆசிரியை. ஒரு பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது ஒன்று, அடுத்த பள்ளிக்கூடத்தில் போய்ச் சேரும்போது ஒன்று, ஆசிரியர் தினத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்து அதிபர் மாறிப் போன அன்று பக்கத்தில் நின்ற பாவத்துக்கு ஒன்று என்று சேர்ந்தவை. ஒன்றிலும் பூ இல்லை. ரிப்பன், மினுங்கல் கடதாசி, பிளாஸ்டிக். ஒன்று கோழி இறகில் செய்ததோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். யுத்தத்தில் நாங்கள் ஓடித் திரிந்த காலத்தில் தொலையக் கூடாத சாமான் எல்லாம் தொலைந்தது. இந்த மாலைகள் மீளக்குடியேறிய பிறகு வந்தவை. அதனால் ஒன்றுகூடத் தொலையவில்லை.

அவள் ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் இருந்தது. பன்னிரண்டாவது மாலைக்கு இடம் பண்ணலாம் என்று நான் கதிரையில் ஏறித் தட்டை ஒதுக்கிக்கொண்டு நின்றேன். கீழே இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"கழுத்தில போட்டது காணும். கடைசி நாளில கையில ஒரு கொத்துப் பூ வச்சுக்கொண்டு நிக்க ஆசை. உண்மையான பூ. காம்போட. ஆர் தரப்போகினம்?"

"நான் தாறன்."

கதிரையில் ஏறி நிற்கிற ஆம்பிளைக்கு அப்படி ஒரு வீரம் வரும். இறங்கினால் போய்விடும். ஆனால் அதற்குள் வாய் சொல்லிவிட்டது. அவள் சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களோ?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் அவளுக்குக் கொண்டு வந்து கொடுத்த ஒரே பூ, சந்தையில் வாங்கின பூக்கோவா. அதையும் கறி வைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை கிளிநொச்சிக்குப் போன இடத்தில் ஒரு பூக்கடையில் விசாரித்தேன். எங்கள் பக்கத்தில் பூ ஒன்றில் சாமிக்குப் போகும், அல்லது பெண்களின் தலைக்குப் போகும், அல்லது கடைசிப் பயணத்துக்குப் போகும். கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதற்குப் பூ என்பது இன்னும் இங்கே வந்து சேராத ஒரு வழக்கம். கடைக்காரர் வாழைநாரை விரலில் சுற்றியபடி கேட்டார்.

"ஆருக்கண்ணை?"

"மனுசிக்கு."

அவருடைய முகம் மாறிவிட்டது. நாரை வைத்துவிட்டு எழும்பி நின்றார். "அடக் கடவுளே. எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

அவள் உயிரோடுதான் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருக்கிறாள் என்று விளக்கிவிட்டு வந்தேன். அவர் நம்பினாரோ தெரியாது. அங்கே இருந்ததெல்லாம் மலர்வளையம்தான். அதில் நடுவில் ஓட்டை இருக்கும். கையில் பிடிக்கலாம், ஆனால் பிடிக்கிற ஆளைப் பற்றி ஊர் வேறு மாதிரிக் கதைக்கும்.

ஆகவே பூவை நானே வளர்ப்பது என்று முடிவெடுத்தேன். நான் நிறைய வாசிக்கிற ஆள். வாசிக்கிறவனுக்கு எதையும் செய்யத் தேவையில்லாமலே செய்து முடித்த களைப்பு வரும். தோட்டத்தைப் பற்றி அதுவரை நான் மூன்று கட்டுரை எழுதியிருந்தேன். மண்வெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று மனுசியிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

விதை கனடாவிலிருந்து வந்தது. மனுசியின் அக்கா, எனக்கு மச்சாள், ஒரு பொதியில் சொக்கிலேற்றுக்கும் கால்மேசுக்கும் நடுவில் வைத்து அனுப்பியிருந்தா. பைக்கற்றின் மேல் சிவப்பு, செம்மஞ்சள், றோஸ் என்று அடுக்கடுக்காக இதழ் வைத்த பூக்கள். ஜினியா. தொலைபேசியில் செய்முறையும் தந்தா.

"தம்பி, உது சமருக்கு வெட்டுற பூ. நாங்கள் இஞ்ச வெட்டி வெட்டி மேசையில வைக்கிறனாங்கள். வெட்ட வெட்டப் பூக்கும். கண்டு ஒரு சாண் வளர்ந்த உடன நுனியைக் கிள்ளி விடுங்கோ."

எங்களுக்கு சமர், கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வெயில், கூடின வெயில், பிறகு ஒரு மழை, அவ்வளவுதான். அது இருக்கட்டும். எனக்குப் பிடிபடாதது அந்த வெட்டுக் கதை. வெட்ட வெட்டப் பூக்குமென்றால் வெட்டாமல் விட்டால் இன்னும் கூடவல்லவா பூக்கும். கனடாவில் இருக்கிறவர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று அந்த ஆலோசனையை ஒரு பக்கத்தில் வைத்தேன். இந்தக் கதையில் நான் எடுத்த முடிவுகளில் மிக உறுதியானது இதுதான். மிகப் பிழையானதும் இதுதான்.

முதல் பாதி விதையைச் சித்திரையில் போட்டேன். ஐந்தாம் நாள் முளைத்தது. ஏழாம் நாள் மயில் வந்தது. ஒன்றல்ல, நாலு. பாத்தியில் வரிசையாக நடந்து, விருந்துப் பந்தியில் இருக்கிற மாதிரி ஒவ்வொரு முளையாகக் கொத்தித் தின்றுவிட்டு, கூரையில் ஏறி நின்று கத்தின. கல்லெடுத்து எறியப் போன என்னை மனுசி தடுத்தாள்.

"முருகன்ரை வாகனத்துக்குக் கல்லெறியிறியளோ?"

எறியவில்லை. நாங்கள் இருப்பது ஸ்கந்தபுரத்தில். ஊருக்கே அவருடைய பெயர். நான்தான் இங்கே இடையில் வந்து குடியிருக்கிறவன். வாகனத்தை எங்கே நிறுத்துவது என்று வீட்டுக்காரருக்கு நான் எப்படிச் சொல்வது.

இரண்டாம் பாதி விதைக்கு இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கிற ஒருவரிடம் பழைய வலை வாங்கிப் பாத்தியை மூடினேன். மயில் வரவில்லை. வலையில் இருந்த மீன் வாடைக்கு ஊரிலுள்ள பூனை எல்லாம் வந்தது. ஆனால் பூனை முளை தின்பதில்லை, அதன் மேல் படுப்பதோடு சரி. திடமான இருபத்திரண்டு கன்றுகளை வைத்துக்கொண்டேன். மெலிந்ததாகத் தெரிந்த ஒரு பத்துப் பன்னிரண்டைப் பிடுங்கி வேலிக்கு அங்காலே எறிந்தேன். தோட்டக்காரன் இரக்கம் பார்க்கக் கூடாது என்று எங்கோ வாசித்த ஞாபகம்.

வேலிக்கு அங்காலே இருப்பவரைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். என்னைவிட நாலு வயது இளையவர். எனவே எனக்கு அவர் தங்கச்சி, அவருக்கு நான் அண்ணை. விடிய ஐந்தரை மணிக்குப் பனையோலைக் கூடையோடு புறப்பட்டு, ஒழுங்கை முழுக்க வேலியோரமாக நடந்து, எட்டுகிற செம்பரத்தை, நந்தியாவட்டை, அலரி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போவார். ஆர் வீட்டுப் பூ என்று பார்க்கமாட்டார். சாமிக்கு என்று பறித்தால் அது களவில்லை. எங்கள் ஊரில் எழுதப்படாமலே எல்லோரும் கீழ்ப்படிகிற ஒரே சட்டம் அது.

என் கன்றுகள் முழங்கால் உயரம் வந்து மொட்டு வைத்ததும் எனக்கு இந்தச் சட்டத்தின் ஞாபகம் வந்தது. உடனே ஒரு பலகையில் 'பூப் பறிக்க வேண்டாம்' என்று எழுதி வேலியில் கட்டினேன். அடுத்த நாள் காலை அவர் கூடையோடு பலகைக்கு முன்னால் நின்றார். நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, உது எனக்கு எழுதினதோ, பிள்ளையாருக்கு எழுதினதோ?"

"பொதுவா எழுதினது, தங்கச்சி."

"பொதுவா இந்தப் பக்கம் வாறது நானும் மாடும்தான். மாட்டுக்கு வாசிக்கத் தெரியாது."

நான் விளக்கினேன். இது சாதாரணப் பூ இல்லை, வெட்டுப்பூ. நீளக் காம்போடு சரிவாக வெட்டவேண்டும். வெட்டின உடனே தண்ணீரில் வைக்கவேண்டும். அடி இலைகளைக் கழற்றவேண்டும். வாயில் பற்பசை நுரையோடு கால் மணித்தியாலம் பேசியிருப்பேன். கடைசியில், இதற்கு மணமும் இல்லை, சாமிக்கு ஆகாது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"பிள்ளையார் அவ்வளவு பெரிய தும்பிக்கையை வச்சுக்கொண்டு இண்டு வரைக்கும் ஒண்டும் சொன்னதில்லை," என்றார் அவர். "நீங்கள் உங்கடை கனடாப் பூவை நல்லாக் காவல் பாருங்கோ." போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வேலிப் பக்கம் அவர் கை நீளவில்லை. செம்பரத்தைகூடப் பறிக்கப்படாமல் வாடிச் சுருண்டு கிடந்தது. மனுசி அதைப் பார்த்துவிட்டு, "அயலைப் பகைச்சதுக்கு ஐஞ்சு புள்ளி குறைச்சிருக்கு," என்றாள்.

முதல் பூ விரிந்தது. செம்மஞ்சள், ஒரு சிரட்டை அளவு. நான் அதை எட்டுப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன். பிறகு ஒவ்வொரு கன்றின் உச்சியிலும் ஒவ்வொரு பூ. இருபத்திரண்டு. பிரியாவிடைக்கு இன்னும் நாலு கிழமை. மச்சாளிடமிருந்து பதில் வந்தது: 'வெட்டுங்கோ.' நான் வெட்டவில்லை. விழாவுக்கு வைத்திருக்கிற பூவை இப்போதே வெட்டுகிற முட்டாள் ஆர். நுனியும் கிள்ளவில்லை. என் கன்றுகள் ஒன்றோடொன்று பேசாத உறவினர் மாதிரித் தனித்தனியாக, நெட்டையாக, தலையில் ஒரு பூவோடு நின்றன. ஆடிக் காற்று தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் தடி ஊன்றிக் கட்டினேன். கட்டினவற்றையும் காற்று சரித்தது. காலையும் மாலையும் வாளி சுமந்தேன். மனுசி தன் சேலைக்கு இஸ்திரி போட்டபடி குசினி யன்னலால் பார்ப்பாள்.  பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிளை நிறுத்தியதும் முதலில் பாத்தியைத்தான் பார்ப்பாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் பயம் பிடித்தது.

ஏனென்றால் பூக்கள் பழுக்கத் தொடங்கிவிட்டன. நடு கறுத்து, ஓர இதழ் கடதாசியாகி, ஒவ்வொன்றாக விதைக்குப் போனது. புதிதாக மொட்டும் இல்லை. கன்றுக்குத் தன் வேலை முடிந்தது என்ற திருப்தி. பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்குச் சிங்காரம் என்று நின்றது. விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் எண்ணினேன். கையில் கொடுக்கக் கூடியதாக நாலு. அதிலும் ஒன்று காற்றில் முறிந்து, கழுத்துப் பிடிப்பு வந்த ஆளைப்போலத் திரும்பியிருந்தது.

அப்போதுதான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கவேண்டும் ஒரு மாதத்துக்கு முன்னமே. பலகை கட்டின பிறகு அந்தப் பக்கம் பார்க்க வெட்கமாக இருந்தது. கிணற்றடியில், சட்டி பானை கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், நான் பிடுங்கி எறிந்த மெலிந்த கன்றுகள் வேர்பிடித்து நின்றன. கன்றுகளா அவை. இடுப்பளவு உயரத்தில் பற்றையாக, ஒவ்வொன்றிலும் பத்து இருபது பூவும் அதற்கு மேல் மொட்டுமாக. ஆடு இரண்டு தரம் நுனியைக் கடித்திருக்கிறது. மீதியை அவர் தினமும் விடிய, பிள்ளையாருக்கென்று பறித்திருக்கிறார். வெட்ட வெட்டப் பூக்கும் என்று மச்சாள் சொன்னது கனடாப் புளுகில்லை. அதை ஊரில் நம்பியது ஒரு ஆடும் ஒரு பக்தையும்தான்.

வேலியடியில் போய் நின்று கனைத்தேன். அவர் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, பூ நல்லாப் பூத்திருக்கு."

"ஓம். மணமில்லாத பூ. சாமிக்கு ஆகாது எண்டு ஒரு அண்ணை சொன்னவர்."

"நாளைக்கு டீச்சருக்குப் பிரியாவிடை."

"தெரியும். அதுக்கு?"

அதற்கு என்ன என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. மனுசி கையில் பிடிக்கப் பூக் கேட்டது, நான் கதிரையில் நின்று சொன்னது, பூக்கடைக்காரர் பிரேதம் எடுக்கிற நேரம் கேட்டது எல்லாம் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பூக்கடைக் கதைக்கு மட்டும் தோள் குலுங்கியது.

"டீச்சருக்கெண்டால் ஓம். உங்களுக்கெண்டால் ஒரு இதழும் தரமாட்டன். விடிய ஆறு மணிக்கு வாங்கோ, பறிச்சு வைக்கிறன். பிள்ளையார் ஒருநாள் சும்மா இருக்கட்டும்."

நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாலு மாதமாக ஊரில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் காம்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினவன், சொல்லவேண்டிய அந்த ஒரே நேரத்தில் சொல்லவில்லை. மறக்கவில்லை. பிச்சை கேட்டு வந்த வாயால் இன்னும் ஒரு நிபந்தனை போட வெட்கமாக இருந்தது. அதோடு, பல் துலக்கிக்கொண்டு நான் சொன்ன அந்தக் கால் மணித்தியாலம் அவருக்கு ஞாபகம் இருக்கும் என்றும் நினைத்தேன். என் பேச்சை ஆராவது கேட்டிருப்பார்கள் என்று நம்புவது எனக்குப் பழைய வியாதி.

காலை ஆறு மணிக்குப் போனேன். அவர் குளித்து, திருநீறு பூசி, வாசலில் நின்றார். கூடையை இரண்டு கையாலும் நீட்டினார். கூடை நிறைந்து வழிந்தது. சிவப்பு, றோஸ், செம்மஞ்சள், மஞ்சள். தண்ணீர் தெளித்துப் பூச்சி தட்டி, அழகாக அடுக்கி. நூறு பூவாவது இருக்கும். எல்லாம் தலை. ஒன்றிலும் நக அளவுக்கு மேல் காம்பு இல்லை.

நான் கிணற்றடியைப் பார்த்தேன். பற்றைகள் மொட்டையாக நின்றன. மொட்டு மட்டும் மிச்சம்.

"என்னண்ணை, காணாதோ? ஒண்டு விடாமல் பறிச்சனான்."

"காம்பு," என்றேன்.

"காம்பு என்னத்துக்கு? காம்போட ஆரும் பூப் பறிப்பினமோ?" என்று கேட்டுவிட்டு அவரே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். முகம் மெல்லக் கறுத்தது. "ஐயோ அண்ணை. கையில பிடிக்கவெண்டு சொன்னனீங்கள். முப்பது வருசம் பறிச்ச கை. அது தன்ரை பாட்டில பறிச்சுப்போட்டுது."

அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. அவர் என் மனுசிக்குச் செய்தது, பிள்ளையாருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. "மாலையாக் கட்டித் தரட்டோ? பத்து நிமிசம்," என்றார். பன்னிரண்டாவது மாலை. வேண்டாம் என்றேன். கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பிள்ளையாருக்கே கொண்டு போனார். அன்றைக்குப் பிள்ளையார் கழுத்துவரை ஜினியாவில் இருந்தார் என்று பிறகு கோயில் ஐயர் சொன்னார். கேட்காதவருக்குக் கிடைத்தது.

எனக்கு என் நாலு இருந்தது. சரிவாக வெட்டினேன். அடி இலையைக் கழற்றினேன். நுனி கிள்ளாமல் விட்டதில் ஒரு நன்மை, காம்பு மட்டும் முழ நீளம். ஈரத் துணி சுற்றி, பழைய பத்திரிகை ஒன்றில் பொதிந்தேன். பாதி வழியில் பார்த்தால் அது என் கட்டுரை வந்த பக்கம். என் எழுத்து ஒன்றுக்குப் பயன்பட்டது என்று சொல்ல முடிந்த முதல் நாள் அது.

விழா ஒன்பதுக்குத் தொடங்கவேண்டியது, பத்தரைக்குத் தொடங்கியது. ஒருவர் அவளை மெழுகுதிரி என்றார். அடுத்தவர் ஏணி என்றார். மூன்றாமவர் தோணி என்றார். தளபாடக் கடைக்காரரின் பட்டியல் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. மாலை மூன்று வந்தது, மூன்றும் மினுங்கின. நான் கடைசி வரிசையில் பத்திரிகைப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, இதைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனால் என்ன என்று யோசித்தேன். நாலு பூ. ஒரு கொத்து என்று சொன்னவள். பாத்தியை ஒவ்வொரு நாளும் பார்த்தவள். என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும். வெறுங்கையோடு போனால் 'மறந்துபோனன்' என்று சொல்லலாம். நான் சொன்னால் அது எடுபடும். நாலைக் கொண்டு போனால் மறந்தேன் என்றும் சொல்ல ஏலாது.

அதற்குள் ஒலிவாங்கியில், "டீச்சரின்ரை கணவரையும் மேடைக்கு அழைக்கிறம்," என்றார்கள். எழும்பினேன். பொதியும் கூட வந்தது.

மேடையில் பத்திரிகையைப் பிரித்தேன். சபையில் யாரோ சிரித்தார்கள். ஒரு சிவப்பு, ஒரு றோஸ், ஓரம் பூச்சி அரித்த ஒரு மஞ்சள், கழுத்துத் திரும்பிய ஒரு செம்மஞ்சள். நீட்டினேன். அவள் பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நாலு மாதத்துக்கு நாலோ?" என்றாள், எனக்கு மட்டும் கேட்க.

"மாதத்துக்கு ஒண்டு," என்றேன்.

வாங்கிக்கொண்டாள். பிறகு கழுத்தில் இருந்த மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள். பதிலுரைக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தபோது, பூவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் வாங்கினாள். கீழே வைக்கவில்லை. வாழ்த்துப் பத்திரம் கொடுத்தார்கள், அதையும் ஒரு கையாலேயே வாங்கினாள். படம் எடுக்கிறவர், "டீச்சர், பூவைக் கொஞ்சம் வச்சிட்டு நில்லுங்கோ, மறைக்குது," என்றார். "மறைக்கட்டும்," என்றாள். அந்தப் படம் இப்போது எங்கள் விறாந்தையில் தொங்குகிறது. அதில் திரும்பிய கழுத்துச் செம்மஞ்சள் நேராகப் படக்காரரையே முறைத்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து நாலையும் தேநீர்க் கோப்பையில் வைத்தாள். காம்பு நீளமென்று கோப்பை சரிந்தது. தோடம்பழச் சாற்றுப் போத்தலைக் கழுவி அதில் மாற்றினாள். நான் கூடைக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்தாளா வேறு எதையும் துடைத்தாளா என்று நான் விசாரிக்கவில்லை.

"ஒரு குறை," என்றேன். "நீர் இன்னொருக்கா ரிட்டயர் பண்ணேலாது. இல்லாட்டில் அடுத்த முறை வடிவாச் செய்வன்."

"ரிட்டயர் பண்ணினால்தான் பூத் தருவியளோ?"

 எழும்பிப் போய் வேலியில் கட்டின பலகையைக் கழற்றினேன்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு வேலியடியில் நின்றேன். கிணற்றடிப் பற்றையில் ஒரு இரவுக்குள் மூன்று மொட்டு விரிந்திருந்தது. தங்கச்சி கூடையோடு வந்தார்.

"ஒண்டு," என்றேன். "காம்போட."

அவர் குனிந்து, காம்பைத் தேடி, அடியில் பிடித்தார். கை ஒருதரம் தன் பாட்டில் மேலே தலைக்குப் போனது. திருப்பிக் கீழே கொண்டுவந்தார்.

"நாளைக்குப் பிள்ளையாரின்ரை முறை," என்று சொல்லிவிட்டு முறித்துத் தந்தார்.